ஒரே இயக்குநர், நான்கு படங்கள்: மாணவர் ப்ராஜெக்ட்டுக்குப் படம் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் கல்லூரிகளில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிறவர்களும், தமிழ் இலக்கியமோ ஆங்கில இலக்கியமோ படித்துக்கொண்டு சினிமாவை ப்ராஜெக்ட்டாக எடுக்கிறவர்களும் கடைசி செமஸ்டர் நெருங்கும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். இயக்குநர் யாரென்று முடிவாகிவிட்டது, எந்தெந்தப் படத்தை எடுப்பது?

விருது வாங்கியதை எடு, யூடியூபில் கிடைப்பதை எடு, உனக்குப் பிடித்ததை எடு என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். அப்படி எடுத்தால் கதைச்சுருக்கம் கொஞ்சம், பாராட்டு கொஞ்சம் என்று பக்கங்கள் நிறைந்துவிடும். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வெளியிலிருந்து வரும் பேராசிரியர், "சரிம்மா, இதில் இயக்குநர் செய்தது எது, கேமராமேன் செய்தது எது?" என்று கேட்டால்தான் சிக்கல். அந்த ஒரு கேள்வியில் பல ப்ராஜெக்ட்டுகள் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

சினிமா பலர் சேர்ந்து செய்யும் வேலை. அதில் ஒருவருடைய பாணியை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், மற்றவர்கள் மாறிய படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். கேமராமேன் மாறியிருக்கிறார், ஹீரோ மாறியிருக்கிறார், கதை வேறு ஓர் எழுத்தாளரிடமிருந்து வந்திருக்கிறது, ஆனாலும் ஏதோ ஒன்று அப்படியே இருக்கிறது என்றால் அதைத் தைரியமாக இயக்குநர் கணக்கில் எழுதலாம். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

உதாரணத்துக்கு வெற்றிமாறனை எடுத்துக்கொள்கிறேன். ராணிப்பேட்டையில் வளர்ந்தவர் என்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் பெயர் அது. இன்னொரு வசதி, அவர் இயக்கிய படங்கள் குறைவு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டே தேர்ந்தெடுக்க முடியும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டைக்காரர் என்பதற்காக "வட ஆற்காட்டு மண்ணின் பார்வை" என்று ஒரு அத்தியாயம் எழுதாதீர்கள். அவர் படங்கள் வடசென்னையில், மதுரையில், குண்டூரில், திருநெல்வேலிப் பக்கத்தில் நடக்கின்றன. பாலாற்றையும் தோல் தொழிற்சாலைகளையும் அவற்றுக்குள் தேடினால் நாமே கற்பனை செய்து எழுதியதாகத்தான் ஆகும்.

படி 1: முழுப் பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டில் இயக்குநரின் எல்லாப் படங்களையும் வருட வரிசையில் எழுதுங்கள். பொல்லாதவன் (2007), ஆடுகளம் (2011), விசாரணை (2015இல் வெனிஸ் விழா, 2016இல் தியேட்டர்), வட சென்னை (2018), அசுரன் (2019), பாவக் கதைகள் தொகுப்பில் ஓர் இரவு (2020), விடுதலை முதல் பாகம் (2023), இரண்டாம் பாகம் (2024).

இங்கேயே ஒரு குழப்பம் வரும். காக்கா முட்டை அவர் தயாரிப்பில் வந்த படம், இயக்கியவர் மணிகண்டன். உதயம் என்எச்4 அவர் எழுதிய படம், இயக்கியவர் மணிமாறன். இணையத்தில் பெயரைத் தட்டினால் இதெல்லாம் ஒரே பட்டியலில் கலந்து வரும், அப்படியே நகல் எடுத்து ப்ராஜெக்ட்டில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசப்போவது இயக்கத்தைப் பற்றி என்றால், இயக்கிய படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் உதவும்.

இருபதுக்கும் மேல் படம் எடுத்த மணிரத்னம், பாலசந்தர் போன்றவர்களை எடுத்தால் எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது. அப்போது ஒரு காலத்துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். மணிரத்னம் என்றால் இளையராஜாவோடு செய்த கடைசிப் படமான தளபதிக்கும் (1991), ரஹ்மானோடு செய்த முதல் படமான ரோஜாவுக்கும் (1992) நடுவில் இயற்கையாகவே ஒரு கோடு விழுகிறது. கேமரா இரண்டிலும் சந்தோஷ் சிவன்தான், இசை மட்டும் மாறுகிறது. இப்படி ஒரே ஒரு விஷயம் மாறும் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

படி 2: கேள்வியை முடிவு செய்துவிட்டுப் படத்துக்கு வாருங்கள்

பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்வது இதைத்தான். படத்தை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் அதில் என்ன இருக்கிறது என்று தேடுகிறார்கள். "வெற்றிமாறன் படங்களில் வன்முறை", "வெற்றிமாறன் படங்களில் அதிகாரம்" என்று தலைப்பு வரும். இரண்டும் கருப்பொருள். கருப்பொருளைக் கதை புத்தகத்திலிருந்தும் எடுக்கலாம், செய்தித்தாளிலிருந்தும் எடுக்கலாம். பாணி என்பது அந்தக் கருப்பொருளைத் திரையில் எப்படி வைக்கிறார் என்பது, அதனால் கேள்வியில் "எப்படி" இருக்க வேண்டும்.

வன்முறை நடக்கும்போது கேமரா எங்கே நிற்கிறது? ஒரு தகவலைப் பார்வையாளரிடமிருந்து எவ்வளவு நேரம் மறைத்து வைக்கிறார்? பின்னணிக் குரலை எந்த இடத்தில் கொண்டுவருகிறார், எப்போது நிறுத்துகிறார்? கூட்டமாக இருக்கும் காட்சியில் யாரைத் தனியாகக் காட்டுகிறார்? இந்த மாதிரி, கண்ணாலோ காதாலோ சரிபார்க்கக்கூடிய கேள்வி வேண்டும்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி: வெற்றிமாறன் காலத்தை எப்படி மாற்றி அடுக்குகிறார், பார்வையாளருக்கு எதை எப்போது தெரியவிடுகிறார்?

வட சென்னை ஆரம்பத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஓட்டலில் நான்கு பேர் இருக்கிறார்கள், ரத்தம் படிந்த கத்திகள் மேசையில் கிடக்கின்றன, செய்து முடித்த காரியத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். செத்தது யாரென்று நமக்குத் தெரியாது. அந்த உடலுக்கு உரியவரைப் படம் வெகுநேரம் கழித்துத்தான் நமக்கு அறிமுகம் செய்கிறது. அவரைப் பார்த்துப் பழகி, பிடித்துப்போன பிறகு, அந்த ஆரம்பக் காட்சியில் பேசிக்கொண்டிருந்த நான்கு பேரும் வேறு ஆட்களாகத் தெரிகிறார்கள். கொலைக் காட்சியை வரிசைப்படி காட்டியிருந்தால் அது ஒரு அதிர்ச்சியோடு முடிந்திருக்கும். இங்கே அந்த நான்கு பேரும் திரையில் வரும்போதெல்லாம் ஓட்டல் மேசை ஞாபகத்துக்கு வருகிறது. இது கதை செய்த வேலை இல்லை, அடுக்கிய விதம் செய்த வேலை. கேள்வி சரியாக அமைந்தால் ஒரு காட்சியிலேயே இவ்வளவு எழுத வரும்.

படி 3: எது மாறுகிறது என்ற அட்டவணை

பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே ஐந்து கட்டம் போடுங்கள்: கேமரா, இசை, முக்கிய நடிகர், கதையின் மூலம், ஊர். முடிந்தால் எடிட்டிங்குக்கும் ஒன்று. டைட்டில் கார்டை நிறுத்திப் பார்த்து எழுதுங்கள். இணையப் பக்கங்களை மட்டும் நம்பாதீர்கள், பழைய படங்களுக்கு அவற்றில் தப்பு நிறைய.

நிரப்பி முடித்ததும் சில விஷயங்கள் தானாகக் கண்ணில் படும். பொல்லாதவன், ஆடுகளம், வட சென்னை, அசுரன் நான்கிலும் தனுஷ். இந்த நான்கிலும் கேமரா வேல்ராஜ், விடுதலையிலும் அவரே. விசாரணைக்குக் கேமரா ராமலிங்கம், நடித்தது தினேஷ், படத்தில் பாட்டே கிடையாது, ஓடுவது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இசையைப் பார்த்தால் வட சென்னைக்கு சந்தோஷ் நாராயணன், விடுதலைக்கு இளையராஜா, மற்ற பெரிய படங்களுக்கு ஜி.வி.பிரகாஷ். மூலக்கதையைப் பார்த்தால் விசாரணை மு.சந்திரகுமாரின் லாக்கப், அசுரன் பூமணியின் வெக்கை, விடுதலை ஜெயமோகனின் துணைவன்.

ஆக, விசாரணை இல்லாமல் இந்த ப்ராஜெக்ட் செய்யக் கூடாது. தனுஷும் இல்லை, வேல்ராஜும் இல்லை, பாட்டும் இல்லை. அதில் எஞ்சி நிற்பதை இயக்குநருடையது என்று சொல்வதற்கு மற்ற எந்தப் படத்தையும்விட உங்களுக்கு அதிக உரிமை இருக்கிறது. தேசிய விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியா சார்பில் போனது என்பதெல்லாம் அதைச் சேர்ப்பதற்குக் காரணம் இல்லை.

வேறு இயக்குநர்களுக்கும் இப்படி ஒரு படம் இருக்கும், தேடினால் கிடைக்கும். மகேந்திரன் என்றால் முள்ளும் மலரும் (1978) கேமரா பாலு மகேந்திரா, அடுத்த வருடம் உதிரிப்பூக்கள் அசோக்குமார். இரண்டிலும் பேச்சு குறைவாக, முகங்களில் நேரம் செலவழிக்கும் அந்த நிதானம் இருக்கிறதா என்று பார்த்தால் அது யாருடையது என்ற விவாதத்துக்கு ஓரளவு பதில் கிடைக்கும். பாலு மகேந்திராவை எடுத்தால் இந்த வழி கொஞ்சம் சிரமம், ஏனென்றால் கேமராவும் எடிட்டிங்கும் பெரும்பாலும் அவரே செய்துகொள்வார். அவருக்கு வேறு மாதிரிப் பிரியுங்கள்: பாட்டுள்ள மூன்றாம் பிறை (1982), பாட்டே இல்லாத வீடு (1988).

படி 4: நான்கு இடங்களை நிரப்புங்கள்

இளங்கலைக்கு மூன்று படம் போதும், முதுகலைக்கு நான்கு. ஐந்துக்கு மேல் போனால் ஒவ்வொன்றும் மேலோட்டமாகத்தான் வரும். நான்கு படம் என்று வைத்தால் நான் இடங்களை இப்படிப் பிரிப்பேன்.

இரண்டு படங்கள் உங்கள் கேள்விக்குப் பலமாகப் பதில் சொல்ல வேண்டும். காலத்தை அடுக்குவது பற்றிய கேள்விக்கு வட சென்னையும் அசுரனும். அசுரன் அப்பாவும் மகனும் காட்டுக்குள் ஓடுவதில் தொடங்கி, ஏன் ஓடுகிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறது, அதற்கும் பின்னால் போய் அப்பாவின் இளமையைச் சொல்கிறது. வெக்கையைப் படித்துவிட்டுப் பாருங்கள். நாவலில் எடை மகன் மேல் இருக்கும், படத்தில் அது அப்பாவிடம் நகர்ந்திருக்கும். எழுத்தாளர் வைத்ததை இயக்குநர் எங்கே மாற்றினார் என்று கையில் பிடித்துக் காட்ட முடிகிற இடம் இது.

மூன்றாவது இடம் உங்கள் வாதத்தை உடைக்கக்கூடிய படத்துக்கு. இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் பயந்து ஒதுக்குவது இதைத்தான். விசாரணை ஏறக்குறைய நேர்வரிசையில் போகிற படம். காலத்தை மாற்றி அடுக்குவதுதான் இவர் பாணி என்று எழுதினால் விசாரணை எதிரே வந்து நிற்கும். அப்போது இரண்டு வழி இருக்கிறது. அந்தப் படத்தை மறைத்துவிட்டு எழுதலாம், பாதி உண்மைதான் கிடைக்கும். இல்லையென்றால் கேள்வியைத் திருத்தலாம். நேர்வரிசையில் போனாலும் விசாரணையிலும் தகவல் நமக்குத் தாமதமாகத்தான் வருகிறது, அந்த இளைஞர்களுக்கு என்ன தெரியுமோ அதுதான் நமக்கும் தெரிகிறது, ஏன் அடிக்கிறார்கள் என்று அவர்களுக்கே புரியாத வரை நமக்கும் புரிவதில்லை. அப்படியென்றால் மாறாமல் இருப்பது காலத்தைக் கலைப்பது இல்லை, தகவலைக் கட்டுப்படுத்துவது. எதிர்த்து நின்ற படம்தான் வாதத்தைக் கூர்மையாக்கிக் கொடுக்கிறது.

நான்காவது இடத்தில் முதல் படத்தை வையுங்கள். பொல்லாதவனில் பாட்டு, சண்டை, காதல் எல்லாம் வழக்கமான அளவில் இருக்கும், அதனாலேயே பலர் விட்டுவிடுவார்கள். ஒரு பைக் தொலைவதிலிருந்து ஒருவன் வேறொரு உலகத்துக்குள் இழுக்கப்படும் கதையை, பின்னணிக் குரலை வைத்து எப்படி நகர்த்துகிறார் என்று கவனித்தால், பின்னால் வந்த படங்களின் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தெரியும்.

ஆடுகளம் எங்கே என்று கேட்பீர்கள். 6 தேசிய விருதுகள், எல்லோருக்கும் பிடித்த படம், எனக்கும் மிகவும் பிடித்த படம். ஆனால் இந்தக் கேள்விக்கு வட சென்னையும் அசுரனும் சொல்வதற்கு மேல் அது புதிதாக ஒன்றைச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. கேள்வி வட்டார வழக்கு பற்றியோ, பந்தயக் காட்சியில் கூட்டத்தைப் படமெடுக்கும் விதம் பற்றியோ இருந்தால் முதல் இடமே அதற்குத்தான். ஓர் இரவு குறும்பட அளவு என்பதால் நீளமான படங்களோடு சேர்த்து அளக்க முடியாது. விடுதலையை இரண்டு பாகமும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்தால் தகவல் வெளிவரும் வரிசை பற்றிப் பேசவே முடியாது. ஐந்தரை மணி நேரத்துக்குக் கிட்ட வந்துவிடும், அதற்கு மூன்று மாத செமஸ்டர் தாங்காது.

படி 5: வெளியிலிருந்து ஒரு படம்

இது கட்டாயம் இல்லை, ஆனால் செய்கிறவர்களின் ப்ராஜெக்ட் தனியாகத் தெரியும். இயக்குநர் இயக்காத ஒரு படத்தை ஒப்பீட்டுக்கு மட்டும் பார்ப்பது.

அசுரன் தெலுங்கில் நாரப்பா (2021) என்று வந்தது, நடித்தது வெங்கடேஷ், இயக்கியது ஸ்ரீகாந்த் அட்டாலா. கதை ஒன்று, இயக்குநர் வேறு. ஒரே காட்சியை இரண்டிலும் போட்டுப் பார்த்து, எது அப்படியே வந்திருக்கிறது, எது வரவில்லை என்று எழுதுங்கள். எல்லை ஊர் என்பதால் நம் வகுப்புகளில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் இருப்பார்கள், பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் வசனத்தின் தொனியும் புரியும்.

கேமரா பற்றிய கேள்வியாக இருந்தால் "எங்கேயும் எப்போதும்" படத்தைப் பாருங்கள். ஆடுகளம் வந்த அதே 2011இல் வேல்ராஜ் இன்னொரு இயக்குநருக்குச் செய்த படம். அதிலும் இருக்கும் பழக்கங்களை வேல்ராஜ் பக்கம் எழுதிவிடலாம். பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்தவர் வெற்றிமாறன் என்பதால், குருவின் படம் ஒன்றைப் பார்ப்பதும் பயன்தான். ஆனால் "குருவிடமிருந்து வந்தது" என்று எழுதக் காட்சி ஆதாரம் வேண்டும், பேட்டியில் சொன்னார் என்பது மட்டும் போதாது.

படி 6: கையில் இருக்கும் பிரதி சரியானதா

படத்தை முடிவு செய்யும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். யூடியூபில் கிடைக்கும் பழைய படங்களில் பாட்டை வெட்டியிருப்பார்கள், ஓரத்தில் கம்பெனி லோகோ உட்கார்ந்திருக்கும், டிவிக்காகப் படத்தின் இரண்டு பக்கமும் நறுக்கியிருப்பார்கள். சினிமாஸ்கோப்பில் (அகலத்திரையில்) எடுத்த படத்தை நறுக்கிய பிரதியில் பார்த்துவிட்டு, "இயக்குநர் பாத்திரத்தை ஓரத்தில் தள்ளி வைக்கிறார்" என்று எழுதினால் அது இயக்குநர் தள்ளியதா, டிவிக்காரர் நறுக்கியதா என்று யாருக்குத் தெரியும்? டைட்டில் எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பிரதி வேண்டாம்.

புதிய படத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. விடுதலை முதல் பாகம் தியேட்டரில் வந்ததைவிடக் கூடுதல் காட்சிகளோடு ஓடிடியில் வந்தது. எந்தப் பிரதி, எத்தனை நிமிடம், எந்தத் தேதியில் பார்த்தது என்று ப்ராஜெக்ட்டின் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.

டிவிடி இருந்தால் நல்லது. லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் போட்டு, கீபோர்டில் ஆங்கில E எழுத்தை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். ஓடிடியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பெரும்பாலும் கறுப்பாகத்தான் வரும், அதனால் பென்சிலில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரைந்துகொள்ளுங்கள். கோட்டோவியம் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, வரையும்போது கண் கவனிப்பது ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது கவனிப்பதில்லை. ஹாஸ்டலில் போனில் பார்ப்பதை முதல் தடவைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காட்சிகளைப் பிரிக்கும்போது துறை லேபில் கேட்டுப் பெரிய திரையில் பாருங்கள். ஹெட்போன் கட்டாயம். ஒரு காட்சியின் சத்தம் முந்தைய காட்சி முடியும் முன்பே தொடங்கிவிடுவதெல்லாம் ஃபேன் சத்தத்தில் கேட்காது, மே மாத வேலூரில் ஃபேனை நிறுத்தவும் முடியாது.

படி 7: ஐந்து நிமிடச் சோதனை

தேர்ந்தெடுத்த ஒவ்வொரு படத்திலும் கேள்விக்குச் சம்பந்தமான ஐந்து நிமிடத்தை எடுங்கள். எத்தனை ஷாட் (ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஒரு ஷாட்) என்று கோடு போட்டு எண்ணுங்கள். 300 நொடியில் 60 ஷாட் என்றால் சராசரி 5 நொடி. கூடவே, ஒவ்வொரு ஷாட்டிலும் நமக்குப் புதிதாகத் தெரிந்த தகவல் என்ன, அது பாத்திரத்துக்கு முன்பே தெரியுமா, நமக்குத்தான் முதலில் தெரிகிறதா என்று ஒரு வரி எழுதுங்கள்.

நான்கு படத்திலிருந்தும் எழுத ஏதாவது வந்தால் தேர்வு சரி. ஒரு படத்தில் ஐந்து நிமிடம் பார்த்தும் கட்டம் காலியாகவே இருக்கிறதென்றால், ஒருவேளை காட்சியைத் தப்பாக எடுத்திருக்கலாம், இன்னொரு காட்சியில் முயன்று பாருங்கள். அதிலும் வரவில்லையா, படத்தை மாற்றிவிடுங்கள். இந்த நிலையில் மாற்றினால் ஒரு நாள் வேலைதான் வீண், பாதி எழுதிய பிறகு மாற்றினால் செமஸ்டரே போய்விடும்.

எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். விடுதலை முதல் பாகத்தின் ஆரம்பத்தில் ரயில் விபத்து நடந்த இடத்தைக் கேமரா வெட்டே இல்லாமல் சுற்றிவரும் நீண்ட ஷாட்டை எல்லோரும் பேசினார்கள். அதை எடுத்துச் சராசரி போட்டால் "மெதுவான எடிட்டிங்" என்று வரும், படத்தின் மற்ற பகுதியோடு அது ஒட்டாது. ஒரே வகைக் காட்சியை ஒரே வகைக் காட்சியோடு ஒப்பிடுங்கள்: ஆரம்பத்தோடு ஆரம்பம், துரத்தலோடு துரத்தல், இரண்டு பேர் பேசுவதோடு இரண்டு பேர் பேசுவது.

படி 8: கைடிடம் போகும் முன்

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரியில் காரணம் எழுதிக்கொண்டு போங்கள். "சிறந்த படம்", "சமூக அக்கறை உள்ள படம்" என்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். விசாரணைக்கு இப்படி எழுதலாம்: ஒளிப்பதிவாளரும் முக்கிய நடிகரும் மாறிய படம், பாடல்கள் இல்லாதது, காலம் நேர்வரிசையில் போவதால் ஆய்வின் எடுகோளைச் சோதிக்க உதவுவது.

விட்ட படங்களுக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். கைடு முதலில் கேட்பது ஆடுகளம் ஏன் இல்லை என்பதாகத்தான் இருக்கும். "எனக்கு நேரம் இல்லை சார்" என்றால் சேர்க்கச் சொல்லிவிடுவார். "வட சென்னையும் அசுரனும் கேமரா, நடிகர் இரண்டிலும் அதே கூட்டணிதான் சார், மூன்றாவதாக அதையும் சேர்த்தால் ஒப்பிட வித்தியாசம் இருக்காது, அதனால் அந்த இடத்தை விசாரணைக்குக் கொடுத்தேன்" என்று சொன்னால் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்படியும் ஆடுகளம் வேண்டும் என்று சொன்னால் பொல்லாதவனை எடுத்துவிட்டு அதைச் சேருங்கள். விசாரணையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.